ஆளுக்கு இரண்டு மினா



கணக்கு எழுதுகிறவனுக்கு மதில் பிடிக்கும் வித்தை எதற்கு என்று கேட்பீர்கள். 2004ஆம் ஆண்டு வெளியான 'ரோம்: ரோட்டல் வோர்' என்ற கணினி விளையாட்டை என் மகன் இன்னும் விட்டபாடில்லை. ஒருநாள் என்னையும் இருத்திப் பழக்கினான். "அப்பா, எல்லாப் பக்கமும் ஏணியோடை ஓடாதேங்கோ. ஒரு இடத்தை உடைச்சு, அதுக்குள்ளாலை எல்லாரையும் அனுப்புங்கோ" என்றான். மூன்று தரம் தோற்று நாலாந்தரம் வென்றேன். வென்றதும் திரையில் ஒரு கேள்வி: நகரை அப்படியே வைத்திருப்பதா, மக்களை அடிமையாக்குவதா, கொன்றொழிப்பதா? ஒரு பொத்தானை அமுக்க வேண்டும்.

இதே கேள்வி நாங்கள் குடியிருக்கும் பலெர்மோவிலும் எழுந்திருக்கிறது. கி.மு. 254இல் இதன் பெயர் பனோர்மொஸ். இன்றைய துனிசியாவிலிருந்து ஆண்ட கார்த்தேஜியரின் கையில் இருந்தது. முந்திய ஆண்டு புயலில் பெரும் கப்பற்படையை இழந்த ரோமர், மூன்றே மாதத்தில் 220 கப்பல்கள் கட்டினார்கள் என்று பொலிபியஸ் எழுதுகிறார். நம்பக் கடினம்தான், அவரே அப்படித்தான் சொல்கிறார். ஏறத்தாழ 300 கப்பல்களுடன் வந்திறங்கினார்கள்.

நகரம் அன்று இரண்டு துண்டு. நோர்மன் அரண்மனை நிற்கும் மேட்டில் பழைய நகர், கீழே கடல் பக்கம் புதிய நகர். இருபுறமும் கெமோனியா, பப்பிரெத்தோ என்ற சிற்றாறுகள். பலாரோ சந்தையில் மரக்கறி வாங்கும்போது, மறைந்துபோன கெமோனியாவின் தடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

ரோமர் மரங்களை வெட்டி, ஒரு கரையிலிருந்து மறுகரை வரை அகழியும் மரவேலியும் அமைத்தார்கள். வெளியிலிருந்து உதவி வராது, உள்ளேயிருந்து ஓடவும் முடியாது. பிறகு மதிலை இடிக்கும் பொறிகள் வந்தன. கடலோரக் கோபுரம் ஒன்று சுலபமாகச் சரிந்தது. அந்த வாயிலால் படை புகுந்து புதிய நகரைப் பிடித்தது. மகன் சொன்ன பாடம் சரிதான். தப்பியவர்கள் பழைய நகருக்குள் ஓடி, தூதனுப்பி உயிர்ப்பிச்சை கேட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் என் தொழில் தொடங்குகிறது. ஆளுக்கு இரண்டு மினா கட்டினால் விடுதலை என்று ஒப்பந்தமானது. சிசிலிக்காரரான டியோடோரஸ் கணக்குத் தருகிறார்: 14,000 பேருக்குப் பணம் கிடைத்தது. மிகுதி 13,000 பேர் வீட்டுச் சாமான்களோடு சேர்த்து விற்கப்பட்டார்கள்.

ஒரு மினா 100 திராக்மா. ஒரு திராக்மாவைக் கூலியாளின் ஒருநாள் சம்பளம் என்று வைத்தால், ஒரு தலைக்கு 200 நாள் உழைப்பு. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 1,000 நாள். ரோமருக்கு வந்த வரவு 28 இலட்சம் திராக்மா. செலவுப் பக்கத்தை யார் எழுதியது? கையில் நான்கு மினா இருந்த தகப்பன் எந்த இருவருக்குக் கட்டினான்?

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் புத்தகம் தேவையில்லை. ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்கத் தாலிக்கொடி விற்ற வீடுகள் எங்களுக்குள் எத்தனை! எங்கள் வீட்டில் சேர்ந்த காசு ஒருவனுக்குத்தான் காணும். அண்ணன் நின்றார், நான் வந்தேன். அன்று அம்மா காசை எத்தனை தரம் எண்ணினா என்பது எனக்கு இன்றும் நினைவு.

மகனிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "கேமில அப்பிடி ஒரு பொத்தான் இல்லையே அப்பா" என்றான்.

காலாத் துறையிலிருந்து கொர்சோ வித்தோரியோ எமானுவேலே வழியே மேலே நடந்து பாருங்கள். புதிய நகரிலிருந்து பழைய நகருக்கு ஓடியவர்கள் போன திசை அது. அரண்மனைக்கு அடியில் கார்த்தேஜியர் காலத்து மதிலின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஏற்றம் அதிகமில்லை.