நீறு பூத்த நெருப்பும் கணினிப் பொத்தானும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியில், மண் பூசிய கரிமூட்டங்களை நண்பர்கள் கண்டிருக்கலாம். உள்ளே சீமைக்கருவேல விறகு கனன்றுகொண்டிருக்கும். வெளியே மெல்லிய புகை மட்டும் தெரியும். அந்நெருப்பு எரிகிறது என்றும் சொல்ல முடியாது, அணைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மண்பூச்சில் விரிசல் கண்டு காற்றுப் புகுந்தால், கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். ஆகவே இரவிலும் காவல் வேண்டும். கணினியின் ‘ஸ்டாண்ட்பை’ என்னும் காத்திருப்பு நிலையின் வரலாற்றை எழுத அமர்ந்தபோது, நம் நினைவுக்கு வந்தது இம்மூட்டந்தான்.

தொடக்கத்தில் இத்தகைய நடுநிலை எதுவும் இல்லை. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பீசியின் வலப்புறத்தில், பின்பக்கமாகப் பெரிய சிவப்பு விசை ஒன்று இருந்தது. அதைக் கீழே தள்ளினால் மின்சாரம் அறுபடும், அவ்வளவே. விண்டோஸ் 95 காலத்துக் கணினிகள் பலவற்றில், இனி அணைப்பதில் ஆபத்தில்லை என்ற அறிவிப்பு ஆரஞ்சு நிற எழுத்துகளில் தோன்றும். அதன் பிறகு நாமே கையால் அணைக்க வேண்டும். இறுதிச் செயல் மனிதக் கைக்கே உரியதாக இருந்தது.

அந்நிலையை மாற்றியது, 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அமைப்பு. இதில் முகப்புப் பொத்தான் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிப்பதில்லை. கணினி ‘அணைந்த’ பின்னரும் ஊதா நிறக் கம்பி ஒன்றில் ஐந்து வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்துவது, விழித்திருக்கும் அச்சிறு பகுதிக்குச் செய்தி சொல்வது மட்டுமே. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் கூடி வெளியிட்ட ஏசிபிஐ விதிகள், அச்செய்திக்குப் பொருள் கூறும் உரிமையை இயக்க மென்பொருளிடம் ஒப்படைத்தன. பொத்தான், இலக்கணத்தார் சொல்லும் பலபொருள் ஒருசொல் ஆயிற்று.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இது எல்லோர் கைக்கும் எட்டியது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்துக்குச் சென்றால், பொத்தானை அழுத்தினால் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி இருக்கும். மூடுதல், என்னிடம் கேட்டல், ஒன்றும் செய்யாதிருத்தல், காத்திருத்தல், ஹைபர்னேட் என்னும் நெடுந்துயில் ஆகியவற்றுள் ஒன்றைத் தேரலாம். காத்திருப்பு நிலையில் நினைவகம் மட்டும் மின்சாரம் பெற்று உயிர்த்திருக்கும். நெடுந்துயிலிலோ நினைவகத்திலுள்ள யாவும் வன்தட்டில் எழுதப்பட்டுவிடும். பின் மின்சாரமே தேவையில்லை. முன்னது விழிக்கச் சில நொடிகள் போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும்.

நாம் விரைவையே தேர்ந்தோம். 2008-இல், முதுகலை முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாம், திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டி பாடிய ஒப்பாரிகளை ஒலிநாடாவிலிருந்து கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். மதிய உணவுக்கு எழுந்தபோது, கோப்பைச் சேமிக்காமலே பொத்தானை அழுத்தினோம். கணினி உறங்கியது. அறிவிக்கப்பட்ட மின்வெட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறதென்று எண்ணினோம். மின்சாரமோ முன்னதாகவே போயிற்று. திரும்பி வந்து பார்க்கையில் காலை முழுதும் அடித்த பக்கங்கள் இல்லை. அந்த நாடாவின் மீது வேறொரு பதிவைச் செய்துவிட்டிருந்தோம். மீண்டும் கேட்கச் சென்றபோது மூதாட்டி படுக்கையில் கிடந்தார். பாடும் நிலையில் இல்லை.

பிழை நம்முடையதே. ஆயினும் அதன் பின்னே ஒரு வரலாறும் உண்டு. மேசைக்கணினியின் காத்திருப்பு நிலை, மின்சாரம் அறாது என்னும் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. அதை வகுத்தவர்களின் ஊர்களுக்கு அந்நம்பிக்கை பொருந்தியிருக்கலாம். 2012-இல் சென்னை நீங்கலான மாவட்டங்கள் பலவற்றில், நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தறி நின்ற தெருவில் கணினி மட்டும் எங்ஙனம் நிம்மதியாக உறங்கும்?

தீர்வு இரு வழிகளில் வந்தது. 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, உறங்குமுன் நினைவகத்தை வன்தட்டிலும் எழுதிவைக்கும் கலப்பு உறக்கத்தை மேசைக்கணினிகளுக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்பியையே நம்பியிருந்த எம்மைப் போன்றோருக்கு அது உடனே எட்டவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எம் மாணவர்களை வந்தடைந்தது. அதிலிருந்த மின்கலமே மூட்டத்தின் இரவுக்காவலர் ஆயிற்று. மின்வெட்டு நேரத்திலும் மாணவர்கள் மடிக்கணினியை மூடித் திறந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்ததைக் கண்டிருக்கிறோம்.

பழைய சிவப்பு விசையின் மிச்சம் ஒன்று இன்றும் இருக்கிறது. பொத்தானை நான்கு நொடிக்கும் மேல் அழுத்திப் பிடித்தால், பொதுவாக மென்பொருளைக் கேளாமலே கணினி அணைந்துவிடும். மற்றபடி நாம் அழுத்துவது கட்டளையன்று, வேண்டுகோள். அதன் பொருளை அமைப்புப் பக்கத்தில் நாமே தேர்ந்திருக்கிறோமா, வேறெவரோ தேர்ந்து வைத்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்று எம் மேசைக்கணினியின் பொத்தானை நெடுந்துயிலுக்கே வைத்திருக்கிறோம். எழுந்து வரத் தாமதமாகிறது, ஆகட்டும். அந்த ஒப்பாரிகளுள் நமக்கு நினைவிலிருந்து எழுத முடிந்தவை இரண்டே.