ஆயுதக் கட்டுப்பாடு (மதுரைச் சீமை)

படைக்கலங்களை, சிறப்பாகத் துப்பாக்கிகளை, யார் வைத்திருக்கலாம், எவருடைய அனுமதியின் பேரில் வைத்திருக்கலாம் என்பதை அரசு நிர்ணயிப்பது ஆயுதக் கட்டுப்பாடு எனப்படும். மதுரை நகரத்திலும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் இது குற்றங்களைக் குறைக்கும் ஏற்பாடாகத் தொடங்கவில்லை. போரில் வென்ற அரசு தோற்ற சீமையை அடக்கிவைக்கும் ஏற்பாடாகவே முதலில் வந்தது. அந்தப் பிறப்பின் சாயல் பின்வந்த சட்டங்களிலும் நெடுங்காலம் நீடித்தது.

பாளையக்காரர் காலம். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டைப் பாளையங்களாக வகுத்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களையும் பாளையத்துக்கொன்றாகக் காவலுக்கு ஒப்படைத்தனர் என்பது மரபு. 72 என்னும் எண் தொடக்கத்திலேயே நிலைபெற்றதா, பின்னர் வகுத்துச் சொல்லப்பட்டதா என்பதில் சரித்திர ஆசிரியரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. பாளையக்காரர் படை திரட்டி அரசனுக்கு உதவக் கடமைப்பட்டவர் ஆதலின், குடியானவன் வீட்டில் ஈட்டியும், வசதியுள்ள இடத்தில் திரியிட்டுச் சுடும் துப்பாக்கியும் இருப்பது அக்காலத்தில் குற்றமன்று. காவல் உரிமை பெற்ற ஊர்களில் அது கடமையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இச்சீமைக்கே உரிய படைக்கலமாகப் பெயர்பெற்றது வளரி. பிறைபோல் வளைந்து, ஒரு முனை பருத்தும் மறுமுனை கைப்பிடிக்கேற்பச் சிறுத்தும் மரத்தாலோ இரும்பாலோ தந்தத்தாலோ அமைந்த இவ்வெறிபடையைக் கள்ளரும் மறவரும் வேட்டையிலும் போரிலும் கையாண்டனர். தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த இரண்டு தந்த வளரிகளும், புதுக்கோட்டையிலிருந்து வந்த மரவளரி ஒன்றும் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் குறித்திருக்கிறார். எறிந்தவன் கைக்கே அது திரும்பி வரும் என்பாரும், கனத்த வளரி அவ்வாறு திரும்பாது என்பாரும் உளர். 1795இல் மதுரையில் தங்கியிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்பித்தவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது என்றும், தேர்ந்த கையினின்று அது நூறு கஜ எல்லைக்குள் குறி தவறாது செல்லும் என்றும் 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அந்த ஆசிரியரையே எதிர்த்து ஆறாண்டுகளுக்குப்பின் அவர் போரிட நேர்ந்தது.

1799 – 1802. இக்கட்டுரைக்குரிய காலங்களுள் ஆவணங்கள் மிகுந்திருப்பது இந்நான்காண்டுகளுக்கே. 1799 அக்டோபர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மன், பாளையக்காரர் தம் கோட்டைகளை இடிக்கவும், துப்பாக்கியும் ஈட்டியும் உள்ளிட்ட படைக்கலங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். கோட்டைகள் இடிந்தன, ஆயுதங்கள் எவ்வளவு வெளிவந்தன என்பது வேறு விஷயம். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவர் தோழரும், தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மண்ணாலேயே மீண்டும் எழுப்பி, பறித்துவிட்டதாகக் கும்பினியார் நம்பியிருந்த படைக்கலங்களோடு அதன்மீது நின்றனர். ஆணையால் மட்டும் ஒரு சீமையை நிராயுதபாணியாக்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

அவ்வாண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ, போர் சிவகங்கைக் காடுகளுக்கு நகர்ந்தது. ஜூன் 16ஆம் நாள் சின்ன மருது திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரில் ஒட்டச் செய்த அறிக்கை, சாதி வேறுபாடின்றி எல்லோரையும் ஐரோப்பியருக்கு எதிராகப் படைக்கலம் ஏந்த அழைத்தது. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் பிடிபட்டது. 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரிலும், நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர்.

இதன்பின், 1801 டிசம்பர் 1ஆம் நாள், சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனமே இச்சீமையின் முதல் முழுமையான ஆயுதக் கட்டுப்பாட்டு விதி எனலாம். பாளையக்காரர் படையுதவி செய்யும் பழைய கடமை ஒழிந்தது; கும்பினி அரசு அனுமதித்தவை நீங்கலாக எல்லாப் படைக்கலங்களும் தடுக்கப்பட்டன; பணிந்தோருக்கு மன்னிப்பும் நிலையான வரித்திட்டமும் வாக்களிக்கப்பட்டன. படைக்கலம் வைத்திருப்பது இயல்பு, தடையே விலக்கு என்றிருந்த நிலை மாறி, தடையே இயல்பு, அனுமதியே விலக்கு என்றான நாள் அது; இன்றைய உரிமமுறையின் வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது. பிரகடனத்தால் அமைதி வந்தது என்பது கும்பினி ஆவணங்களின் கொள்கை. தலைவர்கள் மாண்டதாலும் நாடுகடத்தலாலுமே அது வந்தது என்பாரும் உண்டு. 1802இல் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டோருள் சின்ன மருதுவின் இளமகன் துரைசாமியும் ஒருவர். 1818இல் அங்கே அவரைக் கண்ட வெல்ஷ், இளமை அழிந்து தளர்ந்திருந்த அவ்வுருவத்தைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

1802 – 1947. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டை மதில்கள் இடித்து அகழி தூர்க்கப்பட, நகரம் வெளிவீதிகளாக விரிந்தது. 1857 எழுச்சிக்குப்பின் 1860இலும், லிட்டன் பிரபு காலத்தில் 1878இலும் ஆயுதச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பின்னது ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியருக்கு மட்டும் உரிமத்தை விதித்தமையால் தேசியத் தலைவர்களின் நீங்காக் குறையாயிற்று. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் கைத்துப்பாக்கியால் சுட்டது, அச்சட்டம் கடுமையாக நடைமுறையிலிருந்த காலத்திலேயே.

மக்கள் கையிலிருந்த துப்பாக்கி அரிதாகிய அதே காலத்தில் சர்க்கார் கையிலிருந்த துப்பாக்கி பெருகியது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிறமலைக் கள்ளரின் கைரேகையைப் பதிவுசெய்ய வந்த போலீசாரை உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அங்கே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாண்டோர் 16 என்றும் 17 என்றும் கூறுவர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண், குண்டுபட்டுக் கிடந்தோருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது கொல்லப்பட்டாள் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்வர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது.

விவாதமும் சட்டமும். 1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருப்பதைக் குடிமகனின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்திருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அரசியலமைப்பிலேயே சேர்க்குமாறு திருத்தம் கொணர்ந்தார், குற்றமே தொழிலாகக் கொண்டோரும் அதைத் தம் உரிமையென்று கோரக்கூடும் என்பதைக் காட்டி அம்பேத்கர் மறுத்தார், திருத்தம் ஏற்கப்படவில்லை. நல்ல குடிமக்கள் தற்காப்புக்குத் துப்பாக்கி பெறவும், சமூக விரோதிகளுக்கு அது கிட்டாதிருக்கவும் வழிசெய்வதாகக் கூறி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் வரும்போது உரிமம் பெற்றோர் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது இன்றும் தொடரும் வழக்கம். காட்டுப்பன்றியால் விளைச்சலை இழக்கும் மலையடிவார விவசாயிகள் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கேட்பதும், அது வேட்டைக்கும் பகைக்கும் பயன்படுமென்று வனத்துறையும் காவல்துறையும் அஞ்சுவதும் தீராத வழக்கு.

புள்ளிவிவரம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடெங்கும் ஏறத்தாழ 33.7 லட்சம் உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் சுமார் 22,500. உத்தரப் பிரதேச மக்கள்தொகை தமிழ்நாட்டினதைப்போல் மூன்று மடங்குக்கும் குறைவு. உரிமங்களோ ஐம்பது மடங்குக்கும் மேல். ஜெனீவாவிலுள்ள சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீடு, இந்தியக் குடிமக்களிடம் 7.1 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாகவும், அவற்றுள் 97 லட்சமே பதிவுபெற்றவை என்றும் கூறுகிறது. நூறு பேருக்கு இந்தியாவில் ஐந்து, அமெரிக்காவில் 120 என்பது அதன் கணிப்பு. பதிவுபெறாதவற்றை எண்ணும் முறை ஊகத்தின்பாற்பட்டது ஆதலின், இவ்வெண்களைத் துல்லியமெனக் கொள்வதற்கில்லை.

துப்பாக்கி குறைந்தமையால் மதுரைப் பகுதியில் கொலை ஒழிந்துவிடவில்லை. 1997 ஜூன் 30ஆம் நாள் மேலூரை அடுத்த மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐவரும் கொல்லப்பட்டது அரிவாளால். வேளாண்மைக்கும் வீட்டுக்குமே உரிய கருவிகளை 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுதம் என்னும் வரையறையினின்று விலக்குகிறது. கதிரறுக்கும் அரிவாளும் பழிவாங்கும் வீச்சரிவாளும் திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில் ஒரே உலையில் உருவாவதால், அவ்விலக்கின் எல்லை எதுவென்பது எளிதில் வகுக்கக்கூடியதன்று. ஆயினும் ஒருவன் ஓரிடத்தில் நின்று பலரைச் சுட்டு வீழ்த்தும் நிகழ்ச்சி இங்கே மிக அரிது என்பதைக் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் எடுத்துக்காட்டுவர்.

அண்மைக்காலம். 2016இல் புதிய ஆயுத விதிகள் வந்தன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறை மாநிலமெங்கும் நடத்திய சோதனையில் கிடைத்த நாட்டுத் துப்பாக்கிகள் ஒற்றை இலக்கத்தில் நிற்க, கத்தியும் அரிவாளும் ஆயிரத்தை எட்டின. அரிவாள் வாங்குவோர் விவரத்தைப் பட்டறைகள் பதிந்துவைக்க வேண்டுமென்று அப்போது அறிவுறுத்தப்பட்டது.

2018 மே 22, 23ஆம் நாட்களில் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு 13 பேர் பலியானதும், நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அதை விசாரித்ததும் ஆயுதக் கட்டுப்பாட்டு விவாதத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. குற்றப் புள்ளிவிவரத் தொகுதியிலும் இத்தகைய சாவுகளுக்கு வேறு அட்டவணை. 1801 முதல் இச்சீமையில் படைக்கலத்தை இழந்தோர் யார், வைத்திருந்தோர் யார் என்று தொடர்ந்து பார்க்கும்போது, அவ்விரண்டு அட்டவணைகளையும் சேர்த்து வாசித்தாலன்றித் துப்பாக்கியால் நேர்ந்த இழப்பின் கணக்கு முழுமையாகாது.