பசிக்கு எதிராக அரசிடம் கேட்பது எப்படி? பட்டினி ஜாதா முதல் ரேஷன் கடை வரை: கேரளா சொல்லும் பாடம்

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு மதிய நேரத்தில் போனால், வாழை இலையில் கட்டிய பொதிச்சோறு வாங்க நிற்கும் வரிசையைப் பார்க்கலாம். வீடு வீடாகச் சேகரித்த சாப்பாட்டை நோயாளிகளுக்கும் உடன் இருப்பவர்களுக்கும் கொடுக்கும் வேலையை டி.ஒய்.எஃப்.ஐ. இளைஞர்கள் 2017 முதல் செய்துவருகிறார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் அதே நகரத்தில், வரிசையே இல்லாமல் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மாதாமாதம் அரிசி போகிறது. அதைக் கொடுப்பது ரேஷன் கடை. அந்தக் கடை யாருடைய தயவிலும் வந்ததல்ல. மக்கள் கேட்டார்கள், நடந்தார்கள், வழக்கு போட்டார்கள். அதனால் வந்தது.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவரோ, சென்னையில் இருக்கிறவரோ, "பசிக்கு எதிரா நான் என்ன பண்ண முடியும்?" என்று யோசித்தால், நன்கொடை தவிர இன்னொரு வழியும் இருக்கிறது: கொள்கையைக் கேட்டு வாங்குவது. அது எப்படி நடந்தது, இன்று எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

கேரளாவில் இது எப்போது ஆரம்பித்தது?

1936-ல் ஏ.கே.கோபாலன் தலைமையில் ஒரு சிறு குழு கண்ணூரிலிருந்து மெட்ராஸுக்கு நடந்தே வந்தது. மலபார் அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. வேலையும் உணவும் கேட்டு நடந்த அந்தப் பயணத்துக்குப் பெயர் 'பட்டினி ஜாதா'. வழியில் கிடைத்ததைச் சாப்பிட்டு, ஊர் ஊராகப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

தெற்கே திருவிதாங்கூரில் நிலைமை வேறு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அதற்குள்தான் இருந்தது. அரிசித் தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து, முக்கியமாக பர்மாவிலிருந்து வந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. மரச்சீனிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளியது ஒரு தலைமுறை. ரேஷன் முறை அங்கே காலூன்றியது அந்த நெருக்கடியில்தான். மலபாரில் விவசாய சங்கத்தினர் உணவுக் கமிட்டிகள் அமைத்து, பதுக்கலை வெளியே கொண்டுவந்தார்கள். உற்பத்தியாளர், நுகர்வோர் கூட்டுறவுக் கடைகளையும் நடத்தினார்கள்.

அடுத்த திருப்பம் 1964. ஆந்திரா, மெட்ராஸ், மைசூர், கேரளா நான்கும் சேர்ந்த தென் உணவு மண்டலம் கலைக்கப்பட்டது. பக்கத்து மாநில அரிசி தாராளமாக உள்ளே வருவது நின்றது. பதிலுக்குக் கேரளாவில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு வந்தது. அளவு குறைந்தபோதெல்லாம் மாணவர்களும் பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். ரேஷன் அளவைத் தொட்டால் ஆட்சிக்கே சிக்கல் என்ற நிலை உருவானது.

எல்லோருக்கும் இருந்த ரேஷன் ஏன் குறைந்தது?

1997-ல் மத்திய அரசு 'இலக்கு நோக்கிய' பொது விநியோகத்தைக் கொண்டுவந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. மேலே இருப்பவர்களுக்கான விலை ஏறியது. கேரளாவில் நிறையப் பேர் ரேஷன் கடைக்குப் போவதையே நிறுத்தினார்கள்.

தமிழ்நாடு மட்டும் 'எல்லோருக்கும் ரேஷன்' என்பதை விடவில்லை. அதற்கான கூடுதல் செலவை மாநில அரசே ஏற்றது. இன்றும் நம்ம ஊரில் அரிசி கார்டு வைத்திருப்பவர் வருமானச் சான்றிதழோடு அலைவதில்லை என்றால், அந்த அரசியல் முடிவுதான் காரணம்.

நீதிமன்றம் எப்போது உள்ளே வந்தது?

2001 ஏப்ரலில், பி.யு.சி.எல். என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. ராஜஸ்தானில் வறட்சி, பட்டினி. அதே சமயம் அரசுக் கிடங்குகளில் 4 கோடி டன்னுக்கு மேல் தானியம். "கிடங்கு நிறைந்திருக்கும்போது மக்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?" இதுதான் மனுவின் சாரம்.

2001 நவம்பர் 28-ல் வந்த இடைக்கால உத்தரவு, எட்டு உணவு, நலத் திட்டங்களைச் சட்டப்படியான உரிமையாக மாற்றியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கட்டாயம். குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாள் என்று எண்களோடு எழுதியது. தமிழ்நாட்டில் 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு மாதிரியான ஒன்று நாடு முழுக்கப் போக இதுதான் வழி செய்தது.

உத்தரவு வந்ததும் எல்லாம் நடந்துவிடவில்லை. பல மாநிலங்கள் அசையவே இல்லை. 2002 ஏப்ரல் 9-ல் உணவு உரிமைப் பிரசாரக் குழுவினர் பல மாநிலங்களில் 'மதிய உணவு நாள்' நடத்தினார்கள். சில இடங்களில் குழந்தைகள் காலித் தட்டோடு நின்றார்கள். சில இடங்களில் மக்களே சமைத்துப் போட்டு அரசை வெட்கப்பட வைத்தார்கள். தீர்ப்பு ஒரு கை, தெரு மறு கை. இரண்டும் சேர்ந்ததால்தான் சத்தம் கேட்டது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

அந்தப் பத்தாண்டு அழுத்தத்தின் விளைவு, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013. சிம்பிளாகச் சொன்னால்:

• முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்தியோதயா குடும்பத்துக்கு மொத்தம் 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசம்.

• பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் உணவு, கர்ப்பிணிகளுக்கு உணவும் குறைந்தது 6,000 ரூபாய் உதவியும்.

• கொடுக்க வேண்டிய தானியமோ உணவோ கிடைக்கவில்லை என்றால், அதற்கு ஈடாக மாநில அரசு உதவித்தொகை தர வேண்டும்.

• மாவட்டக் குறைதீர்ப்பு அதிகாரி, மாநில உணவு ஆணையம், ரேஷன் கடை அளவில் கண்காணிப்புக் குழு, சமூகத் தணிக்கை எல்லாம் இருக்க வேண்டும்.

கேரளா இந்தச் சட்டத்தை 2016 நவம்பரில்தான் நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாடும் அதே மாதம். சட்டம் வந்ததும் கேரளாவுக்கான ஆண்டு ஒதுக்கீடு 16 லட்சம் டன்னுக்கு மேலிருந்து 14.25 லட்சம் டன்னாகக் குறைந்தது. முன்னுரிமைப் பட்டியலில் இடம் 1.54 கோடிப் பேருக்கு மட்டும்.

அந்த 1.54 கோடியில் என்ன பிரச்னை?

இந்த எண் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வந்தது. அதற்குப் பிறகு வேலை போனவர், விதவையானவர், கடனில் மூழ்கியவர் புதிதாக உள்ளே வர வேண்டுமானால், வேறு யாராவது வெளியே போக வேண்டும். அதனால்தான் தகுதியில்லாதவர்களிடமிருந்து மஞ்சள், பிங்க் கார்டுகளைத் திரும்பப் பெற 2022-ல் கேரள அரசு 'ஆபரேஷன் யெல்லோ' நடத்தியது. மஞ்சள் என்றால் அந்தியோதயா, பிங்க் என்றால் முன்னுரிமை. நீலமும் வெள்ளையும் மற்றவர்களுக்கு.

பட்டியலுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று தேடும் வேலையும் நடந்தது. உள்ளாட்சி அமைப்புகள், குடும்பஸ்ரீ பெண்கள், கிராம சபைகள் வழியாக 64,006 குடும்பங்கள் அதிதீவிர வறுமையில் இருப்பதாக அடையாளம் காணப்பட்டன. உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கும் அளவுகோல். பலரிடம் ரேஷன் கார்டோ ஆதாரோ இல்லாததால், முதல் வேலையே ஆவணம் எடுத்துக் கொடுப்பதாக இருந்தது. 2025 நவம்பர் 1-ல் திருவனந்தபுரத்தில், கேரளா அதிதீவிர வறுமை இல்லாத மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

உடனே கேள்வியும் வந்தது. மஞ்சள் கார்டு வைத்திருப்பவை ஏறக்குறைய 6 லட்சம் குடும்பங்கள். 'ஏழையிலும் ஏழை' என்று அவர்களைச் சொல்லும் அதே அரசு, 64,006 என்ற எண்ணுக்கு எப்படி வந்தது என்று பொருளாதார அறிஞர்களும் சமூக ஆர்வலர்களும் கேட்டார்கள். எந்தத் திட்டத்தின் பலனும் எட்டாமல் விடுபட்டவர்களைத் தேடிய பட்டியல் அது, இரண்டும் வேறு என்றது அரசு.

ஒரு டேட்டா பத்திரிகையாளராக எனக்கு இந்தச் சண்டை பிடித்திருக்கிறது. எண்ணை வெளியே வைத்தால்தான் அதைக் கேள்வி கேட்க முடியும். கேட்க வேண்டிய இன்னொரு எண்: 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி கேரளாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 23.4% பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முந்தைய ஆய்வில் அது 19.7%. தமிழ்நாட்டில் 25%, இந்தியாவில் 35.5%. நாட்டிலேயே நல்ல நிலையில் இருக்கும் மாநிலத்திலும் எண் தவறான பக்கம் நகர்ந்திருக்கிறது. அரிசி மட்டும் போதாது, முட்டை, பருப்பு, பால் எங்கே என்ற அடுத்த கோரிக்கை இங்கிருந்துதான் வர வேண்டும்.

சரி, நான் எங்கே ஆரம்பிக்கிறது?

1. ஒரு ஆள், ஒரு கடை, ஒரு மாதம். "ஏழைகளுக்கு அரிசி கிடைப்பதில்லை" என்ற புகாரை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "இந்தக் கார்டுக்கு, இந்தக் கடையில், இந்த மாதம் இத்தனை கிலோ குறைவு" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ரேஷன் புகாருக்கான கட்டணமில்லா எண் 1967.

2. எழுத்தில் மேலே போங்கள். 1967-ல் தீரவில்லையென்றால் மாவட்டக் குறைதீர்ப்பு அதிகாரி. அங்கேயும் திருப்தி இல்லையென்றால் மாநில உணவு ஆணையம். குறைதீர்ப்பு அதிகாரி பரிந்துரைத்த நிவாரணத்தை நியாயமான காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

3. கூட்டத்தில் பேசுங்கள். கேரளாவில் கிராம சபை வார்டு அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ரேஷன், அங்கன்வாடிக் கணக்கை அங்கே கேட்கலாம். உங்கள் வார்டில் சமூகத் தணிக்கை கடைசியாக எப்போது நடந்தது என்பது நல்ல முதல் கேள்வி.

4. ஊர் விட்டு ஊர் வந்தவர்களைக் கவனியுங்கள். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் முன்னுரிமை, அந்தியோதயா கார்டு உள்ளவர் எந்த மாநிலத்திலும் தானியம் வாங்கலாம். திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கும் இது பொருந்தும். நிறையப் பேருக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும்.

5. தனியாகப் போகாதீர்கள். ஒரே குறை பத்து வீட்டில் இருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நகல். சட்டப்பேரவையில் ஒரு கேள்வியாக வந்துவிட்டால், அதிகாரபூர்வமான பதில் கையில் கிடைக்கும்.

வாங்கியது நிலைக்குமா?

தானாக நிலைக்காது. பிரேசில் 2010-ல் உணவு உரிமையை அரசியல் சாசனத்திலேயே சேர்த்தது. அரசும் மக்கள் அமைப்புகளும் சேர்ந்து உட்கார ஒரு தேசிய உணவுக் குழுவும் அங்கே இருந்தது. 2019-ல் புதிய அரசு அந்தக் குழுவைக் கலைத்தது. 2023-ல் ஆட்சி மாறிய பிறகுதான் அது திரும்ப வந்தது.

இங்கேயும் அப்படித்தான். இலவச தானியம் 2024 ஜனவரியிலிருந்து ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதாவது 2028 இறுதி வரை. அதற்குப் பிறகு என்ன, புதிய கணக்கெடுப்பு வந்தால் 1.54 கோடி என்ற உச்சவரம்பு மாறுமா என்பதெல்லாம் இனிமேல்தான் முடிவாகும். முடிவான பிறகு கத்துவதைவிட, இப்போதே கேட்டு வைப்பது நல்லது.