எண் ஏடும் நாடுகளின் தடையும்

பெங்களூரு மாநகருக்குத் தெற்கே, தமிழகத்தின் எல்லையை ஒட்டி அமைந்தது ஆனேக்கல் வட்டம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் எழுவதற்கு முன், இங்கே எந்த நிலம் எவர் பெயரில் உள்ளது என்று எழுதிவைத்தவர் ஷானுபோகர் எனப்பட்ட கிராமக் கணக்கர். அவர் நிலத்தை உழுதவர் அல்லர். ஆயினும் விற்பனையும் கடனும் வாரிசுரிமையும் அவருடைய ஏட்டை நம்பியே நடந்தன. தமக்குப் பகையான ஒருவர் பெயரை அவர் ஒருமுறை அடித்துவிட்டால், பின்னர் அந்த ஏட்டை நம்புவார் யார்?

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பூமி’ என்னும் திட்டத்தின் வாயிலாக அவ்வேடு கணிப்பொறியில் ஏறியது. அக்கணிப்பொறிகளும் பிற கணிப்பொறிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கு மற்றோர் ஏடு வேண்டும். அதுவே இணைய எண்களின் பதிவேடு. அந்த ஏட்டிலும் நாடுகளின் பகை புகுமோ என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

இணையத்தில் சேரும் வலையமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்த எண் தொகுதி உண்டு. எந்தத் தொகுதி எவருக்கு உரியது என்பதை ஏட்டில் பார்த்தே மற்ற வலையமைப்புகள் செய்தியை வழிப்படுத்துகின்றன. தொடக்கத்தில் இந்த ஏட்டைப் பேணியவர் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் மறைந்த 1998-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவில் ஐகான் என்னும் அமைப்பு தோன்றியது. அதன் கீழ் இன்று ஐந்து வட்டாரப் பதிவகங்கள் இயங்குகின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஆப்னிக், 1993-இல் டோக்கியோவில் தொடங்கி, 1998-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு இடம்பெயர்ந்தது. பழைய முறை எண்கள் மொத்தம் சுமார் 429 கோடி. அவற்றின் பொதுக் களஞ்சியம் 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆகவே இன்று எண் என்பது அருமையான பொருளாகிவிட்டது.

தடையின் கசப்பை நம் நாடும் அறியும். 1998 மே மாதத்தில் பொக்ரானில் அணுச் சோதனைகள் நிகழ்ந்த பின், அமெரிக்கா பொருளாதாரத் தடைகளை விதித்தது. அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் பலவும் அதன் ஏற்றுமதித் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கிளைகள் முற்றிலும் நீங்கியது 2011-இல்தான். தடையை எதிர்கொள்ள நாம் கற்ற வழி, நாமே ஆக்கிக்கொள்வது. பெங்களூரின் தேசிய விமான ஆய்வுக்கூடம் 1986-இல் ‘ஃப்ளோசால்வர்’ என்னும் இணைநிலைக் கணிப்பொறியை உருவாக்கியது. புனேயில் 1991-இல் ‘பரம்’ பிறந்தது. பொருளை மறுத்தால் பொருளை ஆக்கலாம். ஆனால் உலகம் முழுவதற்கும் பொதுவான ஏட்டில் நம் பெயர் மறுக்கப்பட்டால், மற்றோர் ஏட்டை நாம் எழுதிக்கொள்வதால் பயன் என்ன? அதை அயலார் படிக்காவிடில் செய்தி வந்து சேராது அல்லவா?

இந்த ஐயம் கற்பனையன்று. பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டு, ஈரானுக்கு எதிராக இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றவர்கள், அந்நாட்டின் இணையப் பெயர்க்குறியையே ஈடாகப் பெற 2014-இல் முயன்றனர். அதனால் தொடர்பற்ற பிறருக்கு நேரும் கேட்டைக் கருதி, வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் அதை மறுத்தது. 2022 பிப்ரவரி இறுதியில், போரில் சிக்கிய உக்ரைன் ரஷ்யாவின் பெயர்க்குறிகளையும் எண்களையும் பறிக்குமாறு வேண்டியது. துயரத்தில் எழுந்த அவ்வேண்டுகோளை ஐகானும், ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஐரோப்பியப் பதிவகமான ரைப்பும் ஏற்கவில்லை. ஏடு நடுநிலை பிறழ்ந்தால், அதனால் இன்று தண்டிக்கப்படுபவர் யாராயினும், நாளை எவரும் அதை நம்பார் என்பதே அதன் உட்கருத்து.

ஆயினும் பதிவகங்கள் சட்டத்துக்கு மேற்பட்டவை அல்ல. இணைய எண்ணும் பொருளாதார வளமே என்று நெதர்லாந்து அரசு கருதியது. எனவே ஐரோப்பியத் தடைப்பட்டியலில் உள்ளோருடைய எண் பதிவுகளை ரைப் உறையவைத்தது. அவர்கள் எண்ணைப் பயன்படுத்தலாம். மாற்றவோ புதிதாகப் பெறவோ இயலாது. ஷானுபோகர் பெயரை அடிக்கவில்லை. பட்டா மாறுதலை நிறுத்திவைத்தார் எனலாம். எண்ணைப் பறிப்பதற்கும் உறையவைப்பதற்கும் இடையே உள்ள இந்த நுண்ணிய வேறுபாட்டில்தான் பொதுமக்களின் செய்தித் தொடர்பு இன்று பிழைத்திருக்கிறது.

இந்தியா 2012-இல் ‘இர்ரின்’ என்னும் தேசியப் பதிவகத்தைத் தொடங்கியது. நம் நிறுவனங்கள் உள்நாட்டிலேயே எண் பெற அது வழி செய்தது. எனினும் அதன் எண்கள் ஆப்னிக்கின் களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. ஆப்னிக்கோ ஆஸ்திரேலியச் சட்டத்துக்கு உட்பட்டது. தனி வீடு கட்டிக்கொண்டோம். ஊரின் பொதுக் கிணற்றை விட்டு விலகவில்லை. விலகவும் கூடாது.

ஆகவே தடையை அறிந்த நாடு என்ற முறையில் நம் கடமை தெளிவானது. அரசுகளுக்குத் தடை விதிக்கும் உரிமை இருக்கலாம். ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்லும் ஏட்டைப் போர்க்கருவியாக்கலாகாது என்று, நமக்கு ஆபத்து நேராத நாளிலும், பிறர் பொருட்டும் நாம் வாதாட வேண்டும். ஆனேக்கல் உழவரின் நிலப்பதிவும் நெடுந்தொலைவில் உள்ள அந்த ஏட்டின் நேர்மையைச் சார்ந்தே நிற்கிறது.