தந்தத்தில் ஒரு கம்பனி ஆட்சி: வங்காளச் சதுரங்கக் காய்கள் பற்றிய ஒரு நோக்கு

காலனித்துவ காலக் கைவினைப் பொருள்களை நோக்குவோர் பொதுவாக இரு சாராராகப் பிரிந்து நிற்பர். ஒரு சாரார் அவற்றின் அழகில் மயங்கி வரலாற்றை மறப்பர். மறு சாரார் அவை வெள்ளையரின் வரவேற்பறைக்கான அலங்காரப் பண்டங்களே என ஒதுக்கிவிடுவர். முற்போக்கு விமரிசகர் பலர் இரண்டாவது நிலைப்பாட்டோடு அமைதி கண்டுவிடுவது எமக்கு உடன்பாடானதன்று. பண்டத்தை ஒதுக்கும்பொழுது அதிலே உறைந்துள்ள உழைப்பையும் நாம் ஒதுக்கிவிடுகின்றோம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வங்காளத்திற் செதுக்கப்பட்ட தந்தச் சதுரங்கக் காய்களை இவ்வகையில் ஆராயலாம். சேகரிப்போர் இவற்றை 'ஜோன் கம்பனி' காய்கள் என்பர். கிழக்கிந்தியக் கம்பனிக்கு வழங்கிய வேடிக்கைப் பெயரே அது. முர்ஷிதாபாத்தும் அதனையடுத்த பெர்ஹாம்பூரும் இத்தொழிலின் முக்கிய நிலைக்களங்கள். அவ்விடங்கள் தற்செயலானவையல்ல. 1757இல் பிளாசிப் போர், 1765இல் வங்காளத்தின் வரி அறவிடும் உரிமை கம்பனியின் கையில், 1770இல் கொடும்பஞ்சம், 1772இல் வருவாய் நிருவாகம் முர்ஷிதாபாத்திலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றம். நவாப்பின் அரசவையை நம்பி வாழ்ந்த கைவினைஞர்க்குப் புரவலர் குன்றினர். பெர்ஹாம்பூரிலோ கம்பனிப் படையினரின் பாளையம் எழுந்தது. நிலமானியப் புரவலரின் இடத்தைப் பண்டம் வாங்குவோர் பிடித்துக்கொண்டனர்.

பாஸ்கர் எனப்பட்ட இச்செதுக்குநரிடையே ஒரு கதை வழங்கிவந்தது. நவாப்பிற்குத் தந்தத்திற் காதுகுடையும் கருவி செய்து கொடுக்க டில்லியிலிருந்து ஒருவன் வரவழைக்கப்பட்டானாம். உள்ளூர்க் கைவினைஞனொருவன் சுவரின் துவாரத்தினூடே அவன் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டானாம். கதையின் உண்மை எவ்வாறாயினும், தொழில் நுணுக்கம் எத்துணை இறுக்கமாக மறைத்துக் காக்கப்பட்ட உடைமை என்பதை அது உணர்த்துகின்றது.

இனிக் காய்களை நோக்குவோம். சதுரங்கம் என்னும் பெயரே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பது. ஐரோப்பிய ஆட்டத்தில் அரசி நிற்கும் கட்டத்தில் இந்திய மரபில் நிற்பவன் அமைச்சன். வங்காளக் காய்களில் அரசனும் அமைச்சனும் யானைமீது அம்பாரியில் அமர்ந்திருக்க, முன்னே பாகன் இருப்பான். பல தொகுதிகளில் ஒருபக்கம் இந்திய மன்னனின் படை. மறுபக்கம் கம்பனியின் படை. ஐரோப்பியரே வாங்குவோராயிருந்தும் கைவினைஞன் அம்பாரியில் அரசியை ஏற்றவில்லை. அதனினும் முக்கியமானது, முடியில்லாத ஒரு வணிகக் கம்பனியின் அதிகாரியை அரசனுக்குரிய யானைமீது அவன் ஏற்றிவைத்தமை. பங்குதாரருக்கு இலாபம் ஈட்டும் நிறுவனமொன்று நாடாண்ட விந்தையை இதைவிட நேராகக் காட்டும் சிற்பம் வேறொன்றை நாம் அறியோம்.

ஆயினும் எமது கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பவர் காலாட்களே. கம்பனிப் பக்கத்திலே துப்பாக்கி ஏந்திய சிப்பாய். எதிரிலே வாளும் கேடயமும் கொண்ட வீரன். சீருடையை நீக்கிப் பார்த்தால் இருவரும் ஒரே மண்ணின் உழவர் குடியினர். இரு பக்கத்தையும் செதுக்கியது ஒரே கை. அந்தப் பெர்ஹாம்பூரிலேதான் 1857 பெப்ரவரி 26ஆம் நாள் 19ஆவது சுதேசக் காலாட்படையினர் புதிய தோட்டாவுறைகளை ஏற்க மறுத்தனர். மார்ச் 31இல் பாரக்பூரில் அப்படை கலைக்கப்பட்டது.

1856இல் அயோத்தி அரசு கம்பனியால் விழுங்கப்பட்ட காலத்தைப் பின்னணியாகக் கொண்டு பிரேம்சந்த் 1924இல் எழுதிய 'சத்ரஞ்ச் கே கிலாடி' சதுரங்கம் ஆடிய பிரபுக்களை ஈவிரக்கமின்றி அம்பலப்படுத்துகின்றது. ஆடியோரைப் பற்றி இலக்கியம் பேசியுள்ளது. காய்களைச் செய்தோரைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

தொழிலின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. 1849இல் நதானியேல் குக் இலண்டனிற் பதிவுசெய்த, ஸ்டோன்ரன் என்னும் ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் எளிய வடிவம், ஜாக்ஸ் நிறுவனத்தாரின் தயாரிப்பாகப் பரவிக் காலப்போக்கில் போட்டிகளின் பொது அளவுகோலாயிற்று. யானையும் அம்பாரியுமாக நெருக்கி நிற்கும் காய்கள் ஆடுதற்கு வசதியானவையல்ல. அவை கண்ணாடிப் பேழைக்குள் ஒதுங்கின. யானைகளைக் கொன்றொழித்த தந்த வணிகத்தைப் பின்னாளிற் சட்டங்கள் தடுத்தமை நியாயமானதே. நூதனசாலைகளில் இக்காய்களின் அருகேயுள்ள குறிப்புகளில் ஊரும் காலமும் தரப்பட்டிருக்கும். சில வேளைகளில் முன்னைய உடைமையாளர் பெயரும் இருக்கும். செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இராது.