வாக்குரிமையும் மொழியுரிமையும்: வேல்ஸ் நாட்டு ஆட்சியில் வெல்ஷ் மொழியின் வரலாறு

எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1536ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக வேல்ஸ் நாடு இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது. அச்சட்டத்தின் இரு கூறுகள் ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று, வேல்ஸ் மக்களுக்கு இலண்டன் நாடாளுமன்றத்தில் நிலையான இடம் வழங்கியது. மற்றொன்று, நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நிகழவேண்டும் என்றும், வெல்ஷ் பேசுவோர் ஆங்கிலத்தைக் கையாளாவிடின் அரசுப்பதவி வகிக்கலாகாது என்றும் விதித்தது. பிரதிநிதித்துவமும் மொழிவிலக்கும் ஒரே சட்டத்தில் பிறந்தன. முன்னதைக் கொண்டு பின்னதை நீக்க அம்மக்களுக்கு ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அது நிகழ்ந்த முறையையும், அதில் வெல்ஷ் மொழி அறியாத வேல்ஸ் மக்களுக்கு இருந்த பங்கினையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஆட்சியிலிருந்து விலக்கப்பட்ட மொழி அழியாது நின்றமைக்குச் சமயமே முதற்காரணம். வில்லியம் மார்கன் மொழிபெயர்த்த விவிலியம் 1588இல் வெளிவந்தது. நீதிமன்றத்தில் இடம்பெறாத மொழி தேவாலயத்தில் உரைநடையும் எழுத்தறிவும் பெற்று வளர்ந்தது. எனினும் 1846இல் வேல்ஸ் நாட்டுக் கல்விநிலையை ஆராய அனுப்பப்பெற்ற ஆணையர் மூவரும் வெல்ஷ் அறியாதவர்கள். அம்மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்தம் மொழியையே காரணமாகக் காட்டிய அவ்வறிக்கையை மக்கள் ‘நீலநூல்களின் துரோகம்’ என்றே இன்றளவும் குறிப்பிடுகின்றனர்.

வாக்குரிமை விரிவடைந்தபின் 1868இல் நடந்த பொதுத்தேர்தலில், நிலக்கிழாரின் விருப்பத்திற்கு மாறாகத் தாராளக் கட்சிக்கு வாக்களித்த குத்தகை உழவர் பலர் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். வாக்கு அன்று வெளிப்படையாக அளிக்கப்பட்டது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது ஊரறிந்த செய்தி. 1872ஆம் ஆண்டின் மறைவாக்குச் சட்டத்திற்கு இவ்வெளியேற்றங்களும் ஒரு தூண்டுதலாயின. 1891இல் முதன்முறையாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொழி பற்றி வினவியபோது, வேல்ஸ் மக்களுள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசினர். பெரும்பான்மையோரின் மொழியாக இருந்தும் அரசு அலுவலகங்களில் அதற்கு இடமில்லை. தன்னாட்சி கோரிய ‘கம்ரு வித்’ இயக்கம் 1896இல் நியூபோர்ட் கூட்டத்தில் முறிந்தது. ஆங்கிலம் பேசும் தென்கிழக்குத் துறைமுக நகரத்தார், வெல்ஷ் பேசுவோரின் மேலாதிக்கத்திற்கு அஞ்சியமை அம்முறிவிற்கு ஒரு காரணம். இவ்வச்சம் பின்னும் தலைகாட்டக் காண்போம்.

இருபதாம் நூற்றாண்டில் வெல்ஷ் பேசுவோரின் விகிதம் தொடர்ந்து சரிந்தது. 1961இல் அது 26 விழுக்காடு. ஆங்கிலத்தில் பேசுவதால் பாதிப்புறுவோர் நீதிமன்றத்தில் வெல்ஷில் பேசலாம் என 1942ஆம் ஆண்டுச் சட்டம் இசைந்தது, அவ்வளவே. அலுவலகத்தின் கதவைத் திறந்தவர்கள் எளிய மக்கள். லங்கெனெக் என்னும் ஊரில் வாழ்ந்த பீஸ்லி தம்பதியர், உள்ளாட்சி வரிக்கான கேட்பு அறிவிப்பு வெல்ஷில் வரும்வரை வரிசெலுத்த மறுத்தனர். 1952 முதல் 1960 வரை நீண்ட இப்போராட்டத்தில் அவர்தம் வீட்டுப் பொருள்கள் பன்முறை ஜப்தி செய்யப்பட்டன. இறுதியில் இருமொழி அறிவிப்பு வந்தது. 1962 பிப்ரவரியில் சாண்டர்ஸ் லூயிஸ் நிகழ்த்திய புகழ்பெற்ற வானொலி உரை இவர்களையே முன்மாதிரியாகக் காட்டியது. அவ்வாண்டிலேயே வெல்ஷ் மொழிக் கழகம் தோன்றிற்று.

நாடாளுமன்ற வாக்கின் எல்லையை உணர்த்தியது டிரவெரின் பள்ளத்தாக்கு நிகழ்ச்சி. லிவர்பூல் நகரின் குடிநீருக்காகக் காப்பெல் கெலின் என்னும் வெல்ஷ் மொழிச் சிற்றூரை மூழ்கடிக்க வகைசெய்யும் சட்டம் 1957இல் நிறைவேறியது. வேல்ஸ் தொகுதிகளின் உறுப்பினர் ஒருவரும் அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆயினும் 1965இல் ஊர் நீரில் மூழ்கியது. எண்ணிக்கையில் சிறுத்த இனத்தார்க்கு மைய அவையில் வாக்கிருந்தும் அதிகாரம் இராது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இதே காலத்தில்தான் தேர்தல் படிவங்களுக்குள் வெல்ஷ் நுழைந்தது. இதற்கென 1964இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. வாக்காளராகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே உழவரின் பெயரர்க்குத் தம் மொழியில் தேர்தல் படிவம் கிடைத்தது. 1967ஆம் ஆண்டின் வெல்ஷ் மொழிச் சட்டம் அடுத்த படி. எனினும் இருமொழி வடிவங்களுக்குள் முரண் நேரின் ஆங்கில வடிவமே செல்லும் என அது கூறிற்று.

1979 மார்ச் 1ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில், வேல்ஸ் பேரவை அமைக்கும் திட்டத்தை வாக்களித்தோருள் ஐந்தில் நான்கு பங்கினர் நிராகரித்தனர். வெல்ஷ் அறியாதார் அரசுப்பணியில் பின்தள்ளப்படுவர் என்னும் அச்சம் தெற்கில் பரவியது. தெற்கின் தொழிற்கட்சி தம்மை ஆளும் என்று வடமேற்கினர் அஞ்சினர். வெல்ஷ் பெரும்பான்மை கொண்ட குவினெத் பகுதியிலும் எதிர்வாக்குகளே மிகுந்தன. ஆகவே மொழிப்பற்று தானாகவே தன்னாட்சி ஆதரவாக மாறும் என்று கொள்வதற்கில்லை.

1997 செப்டம்பர் 18இல் இரண்டாம் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 5,59,419, எதிர்ப்பு 5,52,698. வேறுபாடு 6,721 வாக்குகளே. இறுதியாக அறிவிக்கப்பட்ட கார்மார்தன்ஷயர் முடிவே வெற்றியை உறுதிசெய்தமையால், இதனை வெல்ஷ் மொழிப் பகுதியின் வெற்றியாகக் கருதுவோர் உளர். அக்கருத்து முழுமையானதன்று. ரோந்தா, மெர்த்தர், பிளைனாய் குவெண்ட் ஆகிய, ஆங்கிலமே வழங்கும் பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளும் ஆதரவாக வாக்களித்தன. 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தின் தோல்வியும், தாம் தேர்ந்தெடுக்காத கட்சியால் நெடுங்காலம் ஆளப்பட்ட கசப்பும் அவர்களை மாற்றியிருத்தல் வேண்டும். தாத்தாவின் மொழியை இழந்துவிட்ட தொழிலாளரின் வாக்கில்லாமல் அம்மொழிக்கு ஆட்சிமன்றம் கிடைத்திராது என்பதே என் துணிபு.

அதிகாரம் படிப்படியாகவே வந்தது. 1999இல் 60 உறுப்பினருடன் கூடிய பேரவைக்குத் தொடக்கத்தில் முதன்மைச் சட்டம் இயற்றும் ஆற்றல் இல்லை. 2011 மார்ச் வாக்கெடுப்பில் 63.5 விழுக்காட்டினர் ஆதரித்த பின்னரே, ஒப்படைக்கப்பட்ட துறைகளில் அவ்வாற்றல் முழுமை பெற்றது. பேரவையின் சட்டங்கள் இருமொழியில் இயற்றப்படுகின்றன. இரு வடிவங்களும் சம மதிப்புடையன. 2011இல் வெல்ஷ் அலுவல்மொழித் தகுதி பெற்றது. மறு ஆண்டில் மொழி ஆணையர் பணியேற்றார். இவ்வாணையர் நியமத்தை மீறும் அரசு அமைப்புகளுக்குத் தண்டம் விதிக்க வல்லவர். நம் அரசியலமைப்பின் 350ஆ பிரிவின்படி 1957 முதல் இயங்கும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையரோ பரிந்துரைக்கலாம், பணிக்க இயலாது. சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு வாழும் இடங்களில் முக்கிய அறிவிப்புகள் அவர்தம் மொழியிலும் வரவேண்டும் என்பது இந்திய ஏற்பாடு. வேல்ஸிலோ கடமை அலுவலகத்தைச் சார்கிறது, தலைக்கணக்கைச் சார்வதில்லை. தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர் இவ்வேறுபாட்டை ஆழ்ந்து நோக்குதல் நன்று.

2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் பேரவை ‘செனெத்’ எனப் பெயர்பெற்றது. 16 வயதினர்க்கும் வாக்குரிமை கிட்டியது. 2021 தேர்தலில் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தனர். அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடு, 2011இல் இது 19 விழுக்காடு. 2050க்குள் பத்து இலட்சம் பேர் என்னும் இலக்கை அரசு அறிவித்த பின்னரும் தொகை ஏறத்தாழ 5,38,000 ஆகக் குறைந்தது. சரிவு பெரிதும் 3 முதல் 15 வயதுக்குட்பட்டோரிடையே காணப்பட்டது. சில ஆண்டுகளில் வாக்குச்சாவடிக்கு வரவிருப்போர் இவர்களே. 2026 தேர்தலுக்கென உறுப்பினர் எண்ணிக்கை 96 ஆக உயர்த்தப்பட்டு, 16 தொகுதிகள் வகுக்கப்பட்டன. பதினாறுக்கும் வெல்ஷ் பெயர் மட்டுமே சூட்டப்பட்டது; ஆங்கிலப் பெயர் எதற்கும் இல்லை.