காட்டுச் சிறுவனுக்கு எழுந்த கல்வி

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மாண்டிசோரி என்ற பெயரைத் தாங்கிய பாலர் பள்ளிகள் பல உள்ளன. மரக்கட்டைகளைப் பொருத்துதலும், எழுத்துகளை விரலால் தடவிப் பழகுதலும் அங்கே அன்றாடப் பயிற்சிகள். பெற்றோர் பொருள் கொடுத்துப் பெறும் இக்கல்வி முதன்முதல் யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. கற்பிக்க இயலாதவன் என்று அறிஞர் கைவிட்ட ஒரு சிறுவனுக்காகவே அதன் முதற் கருவிகள் தோன்றின.

1800-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள அவெய்ரோன் மாவட்டத்தில், காட்டில் திரிந்த சிறுவன் ஒருவன் ஊராரிடம் அகப்பட்டான். வயது பதினொன்று அல்லது பன்னிரண்டு இருக்கலாம். பேச்சில்லை, உடலில் பல தழும்புகள். பாரிசு நகருக்குக் கொண்டு வரப்பட்ட அவனைப் புகழ்பெற்ற மனநோய் மருத்துவர் பினேல் ஆராய்ந்து, அறிவு குன்றியவன், திருத்த வழியில்லை என்று முடிவு கூறினார். செவிடர் கல்விக் கழகத்தின் மருத்துவராயிருந்த இட்டார் என்பவர் அதனை ஏற்கவில்லை. அவருக்கு வயது 26. கற்பிப்போர் இல்லாமையே சிறுவனின் குறை என்பது அவர் கொள்கை.

விக்டர் எனப் பெயரிடப்பெற்ற அச்சிறுவன் துப்பாக்கி வெடித்தாலும் திரும்ப மாட்டான். வாதுமைக் கொட்டை உடைபடும் ஓசை கேட்டால் உடனே திரும்புவான். ஆகவே காது பழுதன்று, கவனமே பழக்கப்படவில்லை என்று இட்டார் தெளிந்தார். நாள்தோறும் நெடுநேரம் வெந்நீரில் குளிப்பாட்டி, உடலுக்கு வெப்பம் தட்பம் உணர்த்துவதிலிருந்து தொடங்கினார். பின்னர்ச் சாவி, கத்தரிக்கோல் முதலிய பொருள்களின் உருவங்களைப் பலகையில் வரைந்து, அவற்றின்மேல் அப்பொருள்களை மாட்டப் பழக்கினார். அது கைகூடிற்று. உருவத்திலிருந்து எழுத்துக்குத் தாவியபோதோ சிறுவன் திகைத்து நின்றான். இட்டார் அவனைப் பழிக்கவில்லை. இடையே ஒரு படி அமைத்தார். சிவப்பு வட்டம், நீல முக்கோணம், கறுப்புச் சதுரம் என வண்ணத்தாலும் வடிவாலும் வேறுபட்ட அட்டைகளைப் பொருத்தச் செய்து, அதன் பின்னரே எழுத்துகளுக்கு வந்தார். நாளடைவில் விக்டர் பால் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் சட்டைப்பையில் கொண்டு சென்று, பிறர் வீட்டு மேசையில் அடுக்கி வைத்துப் பால் கேட்டான்.

ஆயினும் வாய்ப்பேச்சு வரவில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்குப்பின் இட்டார் முயற்சியை நிறுத்தினார். கேரன் என்னும் பெண்மணியின் பராமரிப்பில் வாழ்ந்த விக்டர் 1828-இல் இறந்தான். இட்டார் தோற்றார் என்று எழுதுவோர் உளர். பேச்சு ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட தீர்ப்பு அது. மாணவன் இடறிய இடத்தில் ஆசிரியர் தம் முறையை மாற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு அவருடைய இரு அறிக்கைகளையும்விடத் தெளிவான பழஞ்சான்று கிடைப்பது அரிது.

இட்டாரின் மாணவரான செகான் அம்முறையை விரிவாக்கி, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பலருக்குக் கற்பித்தார். 1846-இல் நூலும் வெளியிட்டார். 1848-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் அமெரிக்கா சென்று அங்கேயே வாழ்ந்தார். பலகைக் குழிகளில் மரவடிவங்களைப் பொருத்தும் செகான் பலகையை இந்திய உளவியலார் இன்றும் குழந்தைகளின் அறிவைச் சோதிக்கக் கையாளுகின்றனர். கற்பிக்கப் பிறந்த பலகை அளக்கும் பலகையாக மாறியது விந்தையே.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1896-இல் உரோமில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனநோய் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளைக் கண்டு, அவர்களுக்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே எனத் துணிந்தார். இட்டார், செகான் நூல்களைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதிப் படித்தார். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் துணி தைக்க வரவில்லை. ஊசியைத் திணிக்காமல், காகிதக் கீற்றுகளால் பாய் பின்னுமாறு பழக்கினார். பின்னல் கைவந்ததும் தையல் எளிதாயிற்று. இவ்வாறு பயின்ற குழந்தைகளுட் சிலர் பிற மாணவருடன் அரசுத் தேர்வெழுதித் தேறினர். உலகம் வியந்தது. அம்மையாரோ, நலமுள்ள குழந்தைகள் இவர்களுக்குச் சமமாகவே நிற்பதற்குப் பள்ளிகளில் என்ன குறை என்று வினவினார்.

1907 சனவரி 6-ஆம் நாள் உரோமில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். முன்பு செய்வித்த அழகிய மர எழுத்துகளைப் போல் மீண்டும் செய்விக்கப் பணவசதி இல்லை. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். மலிவான இவ்வெழுத்துகளே விரலுக்கு நல்ல வழிகாட்டிகள் ஆயின. அவ்வாண்டு இறுதியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், புகைபோக்கியைச் சுண்ணத்தால் வரைந்தவன், திடீரெனச் சொற்களையே எழுதத் தொடங்கினான். எழுத்தை விரலால் உணர்வது தமிழர்க்குப் புதிதன்று; திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதியே பிள்ளைகள் அரிச்சுவடி கற்றனர்.

ஏழைத் தெருவில் வளர்ந்த முறை சில ஆண்டுகளிலேயே கடல் கடந்து செல்வர் இல்லங்களை அடைந்தது. அது முதலில் யாருக்குப் பயன்பட்டதோ, அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பல நாடுகளில் நெடுங்காலம் பள்ளி வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர். இங்கிலாந்தில் கடுமையான குறையுடைய குழந்தைகளைக் கல்விக்குத் தகுதியற்றோர் என ஒதுக்கிய சட்டநிலை 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது.

அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், பகை நாட்டவர் என்ற முறையில் அவரது நடமாட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. மகன் மாரியோ சிறைமுகாமில் வைக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், தாயின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி, மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்த அம்மையார் 1946-இல் ஐரோப்பா திரும்பினார்.